செவ்வாய்க்கிழமை, பாதி விலை

ஆஸ்பத்திரி விரிப்புகளை வெளுக்கும் தொழிற்சாலையில்
நாள் முழுக்க நான் பேசும் ஆங்கிலம் ஒரே சொல்:
சாரி.
தள்ளுவண்டியால் யாராவது என் காலில் இடித்தாலும் சாரி.
யோகமலர் என்கிற என்னை
யோகர்ட் என்று கூப்பிடுகிறான் மேற்பார்வையாளன்,
பெயரைக் கொல்கிறவன் அவன்,
சாரி சொல்கிறவள் நான்.

செவ்வாய்க்கிழமை டிக்கெட் பாதி விலை.
டண்டினோங் ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு பழைய தியேட்டர்.
நீராவியில் நனைந்த தலையோடு போய் உட்காருவேன்.
கொலைகாரிகளின் படம் என்றால் மட்டும்.

கொலை எனக்குப் பிடிக்காது.
கரப்பானைக் கூடக் கடதாசியில் ஏந்தி
வெளியே விடுகிறவள் நான்.
அவள் கதவைத் தட்டாமல் திறப்பது பிடிக்கும்.
அவளுடைய குளிர்சாதனப் பெட்டியில்
ஒரே ஒரு எலுமிச்சம்பழம் இருப்பது
எவ்வளவு பிடிக்கும் என்று சொல்லி முடியாது.
எத்தனை மணிக்கு வருவாய் என்று
அவளை யாரும் கேட்பதில்லை.
ஆண்களை அவள் பார்க்கும் பார்வை,
அளவெடுக்கிற தையற்காரியின் பார்வை:
தோள் இவ்வளவு, கழுத்து இவ்வளவு.

போன மாதம் தயாபரியையும் கூட்டிப்போனேன்.
ஆறு மாதமாக ஒரே விரிப்பின்
இரண்டு முனைகளை நாங்கள் பிடிக்கிறோம்.
நெருங்கி, விலகி, நெருங்கி, மடித்து,
அவ்வளவுதான் எங்களுக்குள் பழக்கம்.
அவளது இடது முழங்கை முழுதாக நிமிராது.
கடைசி வரிசையில், வெளியே போகும் கதவருகே,
அவளே இடம் தெரிந்தெடுத்தாள்.

திரையில் அவள் துப்பாக்கியைக் கழற்றிப் பூட்டினாள்.
பதினொரு விநாடி.
தியேட்டரே பெருமூச்சு விட்டது.
தயாபரியின் விரல்கள் மடியில்
சால்வைக் குஞ்சத்தை அவிழ்த்து அவிழ்த்துப் பின்னின.
எட்டாவது விநாடியிலேயே நின்றுவிட்டன.

பின்னால் கட்டடம் வெடிக்க
திரும்பிப் பாராமல் நடந்தாள் கதாநாயகி.
தயாபரி குனிந்து
சப்பாத்து நாடாவைக் கட்டினாள்.
நெடுநேரம் கட்டினாள்.

வெள்ளைச் சட்டையில் இரத்தம்.
"பச்சைத்தண்ணியும் உப்பும்" என்றேன் மெதுவாக.
"சுடுதண்ணியில போட்டாளோ, கறை நிண்டிடும்" என்றாள் அவள்.
இருவருக்கும் சிரிப்பு அடக்க முடியவில்லை.
முன்வரிசைக்காரன் திரும்பி முறைத்தான்.
நானும் அவனைப் பார்த்தேன்.
தோள் இவ்வளவு, கழுத்து இவ்வளவு.
அவன்தான் முதலில் திரும்பினான்.

பிளாட்பாரத்தில் ஜூலைக் குளிர்.
கிரான்போர்ன் ரயிலுக்கு இன்னும் பதினாறு நிமிடம்.
சுவரில் முதுகு ஒட்ட நின்றுகொண்டு சொன்னாள்:
"ரெண்டு மணித்தியாலம், அவளுக்கு ஒருக்காக்கூடப் பசிக்கேல்லை.
மாசத்தில அந்த மூண்டு நாளும் வரேல்லை.
அவ்வளவு தலைமயிர், ஒரு பேன் இல்லை."
கொஞ்சம் பொறுத்து,
"கூட ஒருத்தியும் இல்லையே அவளுக்கு."

உனக்கெப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை.
விரிப்பு மடிக்கிறவளுக்கு ஒன்று தெரியும்:
எதிர்முனையை வெடுக்கென்று இழுக்கக் கூடாது.
அவள் வரும் அளவுக்குத்தான் நீயும் வரவேண்டும்.

அடுத்த படத்தின் சுவரொட்டியில்
சிவப்புத் தலைமயிரோடு இன்னொருத்தி,
கைக்கொரு கத்தி.
"வருகிறாயா?"
"வாறன். ஆனா முதலே பாத்துச் சொல்லும்,
கடைசியில அவள் சாகிறாளோ எண்டு.
செத்தால் நான் வரேல்லை."

அன்றிலிருந்து திங்கள் இரவுகளில்
போனில் முடிவை முதலில் வாசிக்கிறேன்.
இறந்துபோகிறவர்களின் படங்களை விட்டுவிடுகிறேன்.
அப்படி மூன்று போய்விட்டன இதுவரை,
அதிலொன்று நல்ல படமாம்.

முடிவு தெரிந்தால் சுவை போய்விடும் என்பார்கள்.
ஆறு பேர் கதவை உடைத்துக்கொண்டு வரும்போது
அவள் பிழைப்பாள் என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.
ஆனாலும் ஒரே கைப்பிடியை
இரண்டு பேரும் இறுக்கிப் பிடிக்கிறோம்.